‘மொத்தமா இவ்வளவு ஆகும்’ என்பது எஸ்டிமேட் அல்ல

எங்கள் வீட்டுக் கூரைக்கான எஸ்டிமேட் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது. 2012, பொங்கல் கழிந்த வாரம். அதற்கு முன்பு, 2011 டிசம்பர் 30 விடிகாலையில், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்திருந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். சேத்தியாத்தோப்பில் எங்கள் வீட்டுக்கு நடந்தது யாருக்கும் செய்தி இல்லை. 20 அடிக்கு 15 அடி சீமை ஓட்டு வீடு. பாதி ஓடு போய்விட்டது, நான்கு பனங்கை முறிந்துவிட்டது. மிச்சத்தின் மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இரண்டு வாரம் இருந்தோம்.

வேலையெடுக்க வந்தவர் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். டேப்பை எடுக்கவில்லை. அப்பாவிடம் பேனா வாங்கி எழுதினார்: ‘பழைய ஓடு இறக்கி ரூஃப் காங்கிரீட் போட்டு முடிக்க, மெட்டீரியலோட – 1,20,000.’ அவ்வளவுதான். அப்பா உரக்கடையில் கணக்கு எழுதியவர். கடையில் ஒரு மூட்டை யூரியா எங்கே போனது என்று தெரியாவிட்டால் இரவு வீட்டுக்கு வரமாட்டார். அவரே அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, "செரிங்க, எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றுதான் கேட்டார்.

நான் அப்போது சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பையில் எப்போதும் ஒரு கவிதைத் தொகுப்பு இருக்கும். ஒரு கவிஞர் ஒரு வரியில் ஏன் வினைச்சொல்லை விட்டுவிட்டார் என்று மூன்று பக்கம் எழுதத் தெரியும். அந்தப் பத்திரிகையின் பின்பக்கத்தை நானும் பார்த்தேன். அதில் எது விடுபட்டிருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியோடு சண்டை போடுவதற்காக எழுதுவது. அதோடு, அந்த ஒரு வரியைப் படிக்கத் தெரியாமலே ஓட்டு வீட்டு மழையைப் பற்றி உருகி உருகி எழுதும் நம்மோடும்.

நம் இணைய இதழ்களில் ஓட்டு வீடு வராத மாதம் உண்டா? ஓட்டில் விழும் மழைச் சத்தம், கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் வெளிச்சம், பாட்டி, பல்லி, எல்லாம் இருக்கும். பிறகு கான்கிரீட் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று ஒரு பெருமூச்சு. சரி, வீடு ஏன் மாறியது? அந்த ஓட்டை வருஷாவருஷம் யார் ஏறி மாற்றினார்கள், அதற்கு என்ன கூலி, பனங்கை உளுத்துப்போனால் புதுசு எங்கே கிடைக்கும், என்ன விலை? இந்தக் கேள்விகள் வந்தால் கட்டுரையின் அழகு போய்விடும் என்று நினைக்கிறோம் போல. கணக்கு என்பது காண்ட்ராக்டரின் வேலை, நமக்கு உணர்வு போதும் என்று ஒரு ஏற்பாடு. இந்த ஏற்பாட்டில் நஷ்டப்படுவது நாம் இல்லை, வீட்டில் இருக்கிற அப்பா அம்மா.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருவோம். அதில் என்ன இல்லை?

ஓட்டு வீட்டின் சுவர் இரண்டு பக்கம் தாழ்ந்தும், மற்ற இரண்டு பக்கம் முக்கோணமாக உயர்ந்தும் இருக்கும். தட்டையான தளம் போட வேண்டுமென்றால் முக்கோணத்தை இடிக்க வேண்டும், தாழ்ந்த சுவரை உயர்த்தி நாலு பக்கமும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தச் செங்கல் வேலை அந்த வரியில் இல்லை. சன்ஷேட் இல்லை. மாடியின் கைப்பிடிச் சுவர் இல்லை. சீலிங் பூச்சு இல்லை. தளத்துக்குள் புதைக்கிற ஒயரிங் பைப் இல்லை. மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் இல்லை. இறக்கிய ஓட்டில் நல்ல ஓடும், முறியாத பனங்கையும் ரீப்பரும் யாருக்குச் சொந்தம் என்பதும் இல்லை. அவற்றை ஒரு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனபோதுதான் அம்மா கேட்டார், "அதுவும் அவங்களுக்காங்க?" என்று. அப்பா பதில் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, தளத்துக்கு மேல் போடுகிற தளம் அதில் இல்லை. நம் ஊரில் சுருக்கி போடுவது என்று சொல்வார்கள். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் வைத்துப் பரப்பி, கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பது. முன்பெல்லாம் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் தட்டுவார்கள். கான்கிரீட் மட்டும் போட்டால் கூரை வந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் வெயிலையும் மழையையும் தாங்குவது மேலே இருக்கிற இந்த அடுக்குதான்.

‘போட்டு முடிக்க’ என்று எழுதியவரிடம் இதைக் கேட்டபோது, "காங்கிரீட் போட்டு முடிச்சிட்டமே சார். தட்டோடு தனி" என்றார். பொய் இல்லை. அவர் எழுதியதும் அதுதான். நாங்கள்தான் ‘முடிக்க’ என்ற சொல்லுக்கு எங்கள் அர்த்தத்தை வைத்துக்கொண்டிருந்தோம்.

1,20,000 கடைசியில் 1,75,000 ஆனது. இடையில் வந்த 55,000-க்கு அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. வட்டி கட்ட முடியாமல் ஏலத்துக்கும் போனது. அதற்குப் பிறகும் தட்டோடு பதிக்கவில்லை, ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ ஆகிவிட்டது. 2015 மழையில் சீலிங்கில் ஈரம் படர்ந்தது. போன வருஷம் ஒரு இரவு சமையல்கட்டில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி ஊதிப்போயிருந்தது. அம்மா அப்போது அந்த இடத்தில் இல்லை. அப்பா 2019-லேயே இல்லை.

இதில் யாரையும் திருடன் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும், நாம் தப்பித்துவிடுவோம். நான் சொல்வது வேறு: ஒரு கூரைக்கு எவ்வளவு பொருள் போகும் என்பது ரகசியம் இல்லை. எட்டாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தவர் போட்டுப் பார்க்கலாம். போட்டுத்தான் பார்ப்போமே.

20 அடிக்கு 15 அடி. 300 சதுர அடி. மேஸ்திரிகள் பேச்சில் மூன்று சதுரம், ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி. நடுவில் ஒரு சுவர் இருப்பதால் தளம் 5 அங்குல கனம் என்று வைத்துக்கொள்வோம். கனத்தையும் கம்பியின் இடைவெளியையும் முடிவு செய்ய வேண்டியவர் பொறியாளர். அதை நீங்களும் நானும் செய்யக் கூடாது. ஆனால் அவர் முடிவு செய்த பிறகு எண்ணுவதற்கு அவர் வேண்டியதில்லை.

300-ஐ 5-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 125 கன அடி கான்கிரீட். மீட்டர் கணக்கில் சுமார் 3.54 கன மீட்டர். ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவையில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட். ஆக 28 அல்லது 29 மூட்டை. மணல் 53 கன அடி, அதாவது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. முக்கால் ஜல்லி 105 கன அடி, ஒரு யூனிட். கம்பி தோராயமாகக் கான்கிரீட் கன அளவில் நூற்றில் ஒரு பங்கு. இரும்பு கன மீட்டருக்கு 7,850 கிலோ, ஆகவே இந்தத் தளத்துக்குச் சுமார் 280 கிலோ. கடைக்காரர் எடை போடுவதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 8 மில்லி கம்பிக்கு 0.395 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 4.74 கிலோ.

இது தளத்துக்கு மட்டும். பீம், சன்ஷேட் தனி. சென்ட்ரிங் பலகையும் முட்டும் 300 சதுர அடிக்கு, ஓரத்துப் பலகையோடு சேர்த்து. கம்பி கட்டும் கூலி கிலோ கணக்கில் அல்லது டன் கணக்கில். கான்கிரீட் போடும் நாளில் ஆள் எத்தனை, மிக்ஸர் வாடகை எவ்வளவு. பிறகு மேலே சுருக்கி: சராசரி 3 அங்குலம் என்றால் 75 கன அடி. தட்டோடு 300 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவுதான். ஒரு நோட்டுப் பக்கத்தில் அடங்கிவிடும்.

விலையை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அளவு மாறாது, விலை மாறும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதே வருஷம் ஏப்ரலில் கனிம நில வரி வந்ததை ஒட்டி எம் சாண்ட், ஜல்லி விலை ஏறியது. இன்று நான் எழுதும் ரேட் நீங்கள் படிக்கும்போது பொய்யாகிவிடும். 28 மூட்டை பொய்யாகாது. அதனால்தான் நல்ல எஸ்டிமேட்டில் அளவுக்கு ஒரு கட்டம், ரேட்டுக்கு ஒரு கட்டம், தொகைக்கு ஒரு கட்டம் தனித்தனியாக இருக்கும், மேலே தேதி இருக்கும். ஒற்றைத் தொகையில் இவை மூன்றும் குழம்பிக் கிடக்கும். விலை ஏறினால், ‘அதான் சார் எல்லாம் ஏறிப்போச்சே’ என்பார்கள். எது ஏறியது, எவ்வளவு ஏறியது என்று கேட்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.

கனம் 5 அங்குலத்திலிருந்து 4 ஆனால் கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம், கிட்டத்தட்ட 6 மூட்டை சிமெண்ட். சீலிங் பூசிய பிறகு கீழே நின்று பார்க்கிறவருக்கு அந்த ஓர் அங்குலம் தெரியவே தெரியாது. கம்பிக்குக் கீழே 20 மில்லி இடைவெளி விடுவதற்கு வைக்கிற கவர் பிளாக் அற்ப விலைதான். அதை வைக்காமல் ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுத்தால் பலகை பிரிக்கும் வரை யாருக்கும் தெரியாது. பலகையைக்கூட சீக்கிரம் பிரித்து அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போனால் வாடகை மிச்சம். இந்தியத் தர நிர்ணயப்படி 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். தண்ணீர் கட்டி வைப்பதும் அப்படித்தான். இப்போது பெரும்பாலும் கிடைக்கிற கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள். இது எதுவும் அந்த ஒரு வரியில் இல்லை. எழுதாததைச் செய்யாமல் விட்டால் அதற்குப் பெயர் மோசடி இல்லை, ‘அட்ஜஸ்ட்மென்ட்’.

"சதுர அடி ரேட் கேட்டா போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சென்னையில் நல்ல வேலை, நல்ல வாசகர். போதாது. எந்தச் சதுர அடி என்று முதலில் கேட்க வேண்டும். எங்கள் அதே 300 சதுர அடி வீட்டுக்கு மறுபடி ஓடே போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு வெளியே நாலு பக்கமும் 2 அடி தாழ்வாரம் நீட்டினால் 24-க்கு 19, அதாவது 456 சதுர அடி. கூரை சாய்ந்து வேறு இருக்கிறது. இரண்டடி போனால் ஓரடி ஏறும் சாய்வு என்றால் அதை 1.118-ஆல் பெருக்க வேண்டும். 510 சதுர அடி. தரையில் மூன்று சதுரம், கூரையில் ஐந்து சதுரத்துக்கும் மேல்! தரையை மனசில் வைத்துக்கொண்டு நீங்கள் ரேட்டுக்குத் தலையாட்டுவீர்கள், அவர் சாய்வை அளந்து பில் போடுவார். இரண்டு பேரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம், சண்டை மட்டும் நிச்சயம். ஷீட் கூரை என்றால் இன்னொன்று: ஒரு ஷீட்டின் மேல் அடுத்தது ஏறி உட்காரும், அதனால் வாங்குகிற அளவு வேறு, மூடுகிற அளவு வேறு. ஷீட்டின் கனம் 0.35 மில்லியா 0.5 மில்லியா என்று எழுதாத ரேட்டுக்கு அர்த்தமே இல்லை. தானே அடித்த அடியில் பறந்த தகரங்களைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கட்டடப் பொறியியல் பாடப்புத்தகத்திலேயே சதுர அடி ரேட்டை வைத்துப் போடுவதற்குத் தோராய மதிப்பீடு என்றுதான் பெயர். வேலையை ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கு அது. வேலையைக் கொடுப்பதற்கு விரிவான மதிப்பீடு. அரசாங்கத்துக்கு இது நன்றாகவே தெரியும். பொதுப்பணித் துறை வருஷாவருஷம் விலைப்பட்டியல் போடுகிறது. ஒரு சுவர் கட்டினால்கூட நீளம், அகலம், உயரம் மூன்றையும் ‘எம் புக்’ என்ற அளவுப் புத்தகத்தில் எழுதாமல் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகாது. அதில் நடக்கும் முறைகேடுகள் வேறு கதை. ஆனால் முறைகேடு நடந்தால் பிடிப்பதற்கே அந்தப் புத்தகம் வேண்டியிருக்கிறது அல்லவா?

அதே அரசாங்கம் குடிசைக்காரரிடம் வரும்போது ஒற்றைத் தொகையில் பேசுகிறது. ஒன்றிய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம். அது போதாது என்று தெரிந்துதான் தமிழ்நாடு அரசு கான்கிரீட் கூரைக்கென்றே தனியாக இன்னொரு 1.20 லட்சம் சேர்த்தது. இதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கூரைக்குக் கீழே இருக்கிற வீட்டுக்கு எவ்வளவோ, கூரைக்கும் அவ்வளவு. 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை, ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம். தொகை கூடியிருப்பது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பயனாளியின் வாயில் இருப்பது ‘மூணரை லட்சம்’ என்ற ஒரே சொல். 28 மூட்டை, 280 கிலோ என்ற அளவுகள் அவர் வாயில் இல்லை. அந்தக் காகிதத்தை எளிய தமிழில் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்? பணம் தீர்ந்து லிண்டல் மட்டத்தில் நிற்கும் வீட்டைப் பார்த்து ‘அவன் குடிச்சிட்டான்’ என்று சொல்வது நமக்குச் சுலபமாக இருக்கிறது. அவருக்கு யாராவது அளவைச் சொன்னார்களா என்று கேட்பதில்லை.

இனி, எனக்கு வரப்போகும் எதிர்வாதங்கள்.

முதலாவது, ‘இப்படி வரி வரியாகக் கேட்டால் மேஸ்திரி கோவிச்சுக்குவார், நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கு.’ நானும் அப்படித்தான் பயந்தேன். போன மாதம் ரிப்பேர் வேலைக்கு மூன்று பேரைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் வாயாலேயே மொத்தம் சொன்னார்கள். மூன்றாவதாக வந்த மேஸ்திரியிடம் நான் எழுதிவைத்திருந்த ஒன்பது வரிப் பட்டியலைத் தயங்கித் தயங்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். பிறகு சொன்னார்:

"தம்பி, நாங்க இப்படி எழுதிக் குடுக்காம இல்ல. ஒரு காலத்துல எழுதிக் குடுத்தேன். சுருக்கி, தட்டோடு, கைப்பிடிச் சுவர், எல்லாம் சேத்து. பாக்கறவங்க அடியில இருக்கற மொத்தத்த மட்டுந்தான் பாப்பாங்க. எனக்கு ரெண்டு லட்சம் வரும். இன்னொருத்தர் தட்டோடு இல்லாம ஒன்னே முக்கால் சொல்வாரு. வேலை அவருக்குப் போயிரும். அப்பறம் நானும் எழுதறத வுட்டுட்டேன்."

இந்தப் பதில் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஒற்றைத் தொகையை உண்டாக்கியவர் காண்ட்ராக்டர் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதை உண்டாக்கியது நாம். வரிகளைப் படிக்காமல் மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டோம், யார் அதிகமாக விட்டாரோ அவருக்கு வேலை கொடுத்தோம். முழுசாக எழுதியவர் தோற்றார். தோற்றவர் விடக் கற்றுக்கொண்டார். எங்கள் அப்பாவும் 2012-இல் மூன்று பேரிடம் கேட்டிருந்தார், ஒன்று ஐம்பது சொன்னவரை வேண்டாம் என்றிருந்தார். அந்த ஒன்று ஐம்பதில் தட்டோடு இருந்ததா? இனி யாரைக் கேட்பது.

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. ‘வரி வரியாகக் கணக்குப் பார்க்கிறவன் கடைசியில் கூலியைத்தான் குறைப்பான்.’ உண்மையாகவே நடக்கிற விஷயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒற்றைத் தொகையில் என்ன நடக்கிறது? பேரம் பேசிப் பத்தாயிரம் குறைத்தோம் என்று நாம் பெருமைப்படுகிறோம். சிமெண்ட் கடைக்காரர் அந்தப் பத்தாயிரத்தைக் குறைக்கவில்லை, கம்பிக் கடைக்காரரும் குறைக்கவில்லை. ஐந்து சித்தாள் வர வேண்டிய இடத்தில் நாலு பேர் வந்து சட்டி தூக்குகிறார்கள், அவ்வளவுதான். கூலிக்கென்று தனி வரி இருந்தால் அதில் கைவைக்கும்போது யாருடைய வயிற்றில் கைவைக்கிறோம் என்று தெரியும். தெரிந்தும் வைப்பவர் வைக்கட்டும், ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

மூன்றாவது, நம் ஆட்களுடையது. ‘வீடு என்பது கணக்கு இல்லை, அது நினைவு.’ எனக்கும் நினைவு உண்டு ஐயா. எங்கள் ஓடுகளில் ஒன்றிரண்டில் எழுத்து பொறித்திருக்கும், சின்ன வயதில் விரலால் தடவுவேன். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து கிளைத்து வந்த சரக்கு அது. நாம் ‘மண்ணின் மரபு’ என்று உருகுகிற சீமை ஓடு, பெயருக்கு ஏற்ப, ஜெர்மன் பாதிரிமார் கொண்டுவந்த இயந்திரச் சரக்கு. அது நாட்டு ஓட்டை விரட்டியதும் கணக்கால்தான். எண்ணிக்கை குறைவு, எடை குறைவு, மரம் குறைவாகப் போதும். அன்றைக்கும் யாரோ உட்கார்ந்து வரி வரியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

ஓட்டுக்கூரைதான் வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் போடட்டும். மரத்தின் விலையையும், வருஷம் ஒருமுறை ஓடு மாற்றும் கூலியையும், அடுத்த புயலையும் சேர்த்து எழுதிவிட்டுப் போடட்டும். கான்கிரீட்டின் சூட்டைப் பற்றிப் புலம்புகிறவர்கள் லாரி பேக்கர் கேரளத்தில் என்ன செய்தார் என்று பார்க்கட்டும். தளத்தின் அடிப்பாகத்தில் இருக்கும் கான்கிரீட் பெரிதாக வேலை செய்வதில்லை. அங்கே கம்பிதான் இழுவையைத் தாங்குகிறது. ஆகவே கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டை வைத்துக் கான்கிரீட்டை மிச்சம் பிடித்தார். செலவும் குறைந்தது, சூடும் குறைந்தது. எங்கள் வீட்டிலிருந்து டிராக்டரில் போன ஓடுகளை நினைத்துப் பார்க்கிறேன். அது பேக்கரின் ஏதோ தரிசனம் என்று நாம் எழுதுகிறோம். எந்தப் பொருள் எங்கே எவ்வளவு வேலை செய்கிறது என்று எண்ணிப் பார்த்ததால் வந்த விஷயம் அது. எங்களுக்கும் அந்த வழி இருந்தது. செராமிக் தொழிற்பேட்டையும் அதற்கென்று அரசுக் கல்லூரியும் இருக்கிற விருத்தாசலம் பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான், மண்ணைச் சுடுவது இந்த வட்டாரத்துக்குப் புதுசு இல்லை. ஆனால் ஒரே வரியில் எழுதிய கூரையில் ‘இதற்குப் பதில் அது’ என்று கேட்கவே இடம் கிடையாது. வரிகள் இருந்தால்தான் ஒரு வரியை அடித்துவிட்டு இன்னொன்றை எழுத முடியும்.

அந்த மேஸ்திரி என் ஒன்பது வரியை அப்படியே ஏற்கவில்லை. மூன்று வரி சேர்த்தார்: பெயர்க்கும் முன் தளத்துக்குக் கீழே முட்டுக் கொடுப்பது, இடிசலை அள்ளி அப்புறப்படுத்துவது, பழைய ஒயரிங் பைப்பைக் காப்பாற்ற முடியாவிட்டால் மாற்றுவது. நான் யோசிக்காத மூன்றும், வேலை நடுவில் ‘தனி’ என்று வந்திருக்கும். பிறகு ஒரு வரியைக் குறைத்தார். சீலிங் முழுக்க 300 சதுர அடியும் பெயர்த்துப் பூச வேண்டும் என்று எழுதியிருந்தேன். "எதுக்கு?" என்றார். ஏணி போட்டு ஏறி, சின்னச் சுத்தியலால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடத்தில் ஒரு சத்தம், உள்ளே விட்டுப்போன இடத்தில் வேறு சத்தம், பொத்தல் பானையைத் தட்டுகிற மாதிரி. விட்டுப்போன இடத்தைச் சாக்பீஸால் வளைத்தார். நான் கீழே நின்று ஒவ்வொரு வளையத்தையும் அளந்து எழுதினேன். கூட்டினால் 84 சதுர அடி. அந்த இடத்தில் மட்டும் பெயர்த்து, கம்பியின் துருவைத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவை வைத்தால் போதும். எங்காவது கம்பி நாலில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தால் பொறியாளரைக் கூப்பிடாமல் தொடமாட்டேன் என்று அதையும் என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். 216 சதுர அடி வேலையை விடச் சொல்லித் தன் வருமானத்தையே குறைத்துக்கொண்ட ஆள் அவர். ஒற்றைத் தொகை சொல்லியிருந்தால் அவரும் அந்த 216-ஐச் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும், வேறு வழி இல்லை, உள்ளே என்ன இருக்கும் என்ற பயம் அவருக்கும் உண்டு.

ஊரில் இருக்கிற அப்பா அம்மா வீட்டுக்கு ஒரு நாள் இந்தக் கட்டுரையோடு போங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு டேப்போடு போங்கள். நீளம், அகலம், கனம். எது உள்ளே, எது தனி. பழைய பொருள் யாருக்கு. எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம். எதிர்பாராததற்கு நூற்றுக்கு ஐந்து. தேதி, இரண்டு பேர் கையெழுத்து. பிறகு மூன்று பேரிடம் அதே பட்டியலைக் கொடுத்து ரேட் மட்டும் எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் ஒப்பிடுவதற்கு அர்த்தம் வரும். முழுசாகச் செய்கிற மேஸ்திரிக்கும் ஜெயிக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

பன்னிரண்டு வரியையும் சுத்தமாக நகல் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். மொத்தம் எவ்வளவு என்று கேட்பார் என்று எதிர்பார்த்து, எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் காகிதத்தை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, மேலிருந்து கீழே விரல் வைத்துக்கொண்டே வந்தார்.

"தட்டோடு எந்த வரில இருக்குது?"

"பதினொண்ணாவது வரிம்மா."

விரல் அங்கே போய் நின்றது.

"எழுதியிருக்குதுல்ல. அப்ப செரி" என்றார்.